மூத்தவன் உள்ளே போனானா?

ஆமென் அண்ணன் என்று தெருவே கூப்பிட்ட சலூன்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஒருநாள் வங்கியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் கூட்டத்தோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாராம். அவ்வளவு ஒட்டிப்போயிருந்தது பட்டப்பெயர்.

கடை ஒன்றும் பெரிது இல்லை. ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு கண்ணாடி. நாற்காலியைச் சாய்த்தால் உட்கார்ந்திருப்பவரின் கால் போய்க் கதவில் முட்டும். பிறகு யாரும் உள்ளே வரவும் முடியாது, உள்ளே இருப்பவர் தப்பித்துப் போகவும் முடியாது. ஆனால் கைப்பக்குவம் இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வராது. தும்மல் நிற்காமல் தவித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் கிடைத்த சந்திலேயே முழுச் சவரமும் செய்து முடித்தவர் அவர். ஒரு கீறல் கிடையாது. அந்த ஆள் வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான் தாடியைக் காணோம் என்று கண்டுபிடித்தார். நம்ப மாட்டேன் என்பவர்கள் தும்மிக்கொண்டே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு காலத்தில் இதே மனிதர் வாயைத் திறக்காதவர். வேலை முடிந்தால் குடி. குடி முடிந்தால் தூக்கம். மனைவியிடம் பேசுவதென்றால் சோறு, தண்ணீர், விளக்கை அணை என்பதோடு சரி. அப்போது வாரம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். அங்கே ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் படுத்திருந்தார். கையை உயர்த்தக்கூடத் தெம்பில்லை. பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை. கத்தி உதட்டருகே வந்தால் நிறுத்துவார், கன்னத்துக்குப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பேச்சு முழுக்க இயேசுவைப் பற்றித்தான். அதுவும் பிரசங்கம் மாதிரி இருக்காது. போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் போன சிநேகிதரைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கும்.

"நான் பயப்படல தம்பி. இத்தனை வருஷம் அடுத்தவங்க வாசலுக்குப் போயிட்டேன். இப்ப ஒருத்தர் என்னை அவர் வாசலுக்கு வான்னு சொல்றாரு. போக மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

சலூன்காரர் பதில் சொன்னதில்லை. ஆனால் அடுத்த வாரம் எப்போது வரும் என்று இருந்தது அவருக்கு. ஒரு வாரம் போனபோது தபால்காரரின் முகத்தில் துணி போர்த்தியிருந்தார்கள். கடைசிச் சவரத்தையும் அவரே செய்தார். அன்றைக்கு அந்த அறையில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான், அந்த மனிதர் யாரைப் பற்றி இவ்வளவு பேசினார் என்று தேடிக்கொண்டு போனார். போனவர் சபையில் போய் உட்கார்ந்தார். குடி போயிற்று. அடைத்துக் கிடந்த வாய் திறந்தது. திறந்த வாய் பிறகு மூடவே இல்லை. பேச்சுக்குப் பேச்சு ஆமென் சொல்லப் போய்த்தான் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

"குடிச்சப்போ ஊமையா இருந்தீங்க. இப்ப தெளிஞ்சு போயி என் காதைத் தின்றீங்க. எது மேல்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்பாள் மனைவி. அப்படிச் சொன்னாலும், அவர் பேசும்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பாள்.

வீட்டில் பேசியது போதவில்லை. தனக்குக் கிடைத்தது நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்று ஆசை. வேதத்திலிருந்து பல கதைகளைச் சொல்லிப் பார்த்தார். சில கதைகள் நுரை போடும்போதே முடிந்துவிடும். சில கதைகள் துண்டை உதறிய பிறகும் நீளும். ஒரு சவரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது ஒரே கதைதான். ஒரு அப்பா, இரண்டு பையன்கள்.

நுரை போடும்போது இளையவன் சொத்தில் பங்கு கேட்பான். வலது கன்னத்தில் ஊரைவிட்டுப் போவான். இடது கன்னத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுவான். தாடையை நிமிர்த்தி, தலையைச் சாய்த்து, கத்தி தொண்டைக்கு வரும்போது அவன் வீடு திரும்புவான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார். அந்த இடத்தில் ஆமென் அண்ணனுக்குக் குரல் தழுதழுக்கும்.

"இப்படி ஒரு அப்பா நமக்கும் மேல இருக்காரு. நம்புறீங்களா?"

"ம்" என்பார் நாற்காலியில் இருப்பவர்.

அந்த "ம்"மைக் கேட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். பிறகு இரண்டாம் சுற்று. வயலிலிருந்து மூத்தவன் வருவான். உள்ளே விருந்துச் சத்தம் கேட்டுக் கோபத்தில் வாசலிலேயே நின்றுவிடுவான். அப்பா வெளியே வந்து அவனைக் கெஞ்சுவார். அதற்குள் தண்ணீர் தெளித்து, துண்டால் துடைத்து, "அடுத்த ஆள் வாங்க" என்றாகிவிடும். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது. தெருவில் பாதிப்பேரை ஆண்டவரிடம் சேர்த்துவிட்டதாக அவர் மனதில் ஒரு நிறைவு. சேர்ந்தவர்களில் ஒருவரைக்கூட ஞாயிற்றுக்கிழமை சபைப் பக்கம் காணோமே என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

ஒரு சாயங்காலம் இதை மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி பிடிக்கிற கை. வார்த்தையையும் அதே மாதிரி வலிக்காமல் ஏற்றிவிடுவாள்.

"எந்த எடத்துல நம்புறீங்களான்னு கேப்பீங்க?"

"அப்பா கட்டிப்பிடிக்கிற எடத்துல."

"அப்போ கத்தி எங்க இருக்கும்?"

அவர் யோசித்துவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "ஏங்க, தொண்டையில கத்திய வெச்சுக்கிட்டு ஆண்டவரை நம்புறியான்னு கேட்டா, யாராவது இல்லைன்னு தலையாட்டுவாங்களா? ஆட்டினா தலை இருக்குமா?"

"நான் அப்படி மனசுல நெனச்சுக் கேக்கலையே!"

"நீங்க நெனைக்கல. அவங்க நெனப்பாங்கல்ல." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் சொன்னதுதான் அவரை உட்கார வைத்தது. "அந்தத் தபால்காரர் உங்களுக்குச் சொன்னப்போ, கத்தி யார் கையில இருந்துச்சு?"

அன்றைக்குக் கத்தி தன் கையில் இருந்தது. சொன்னவர் கத்திக்குக் கீழே படுத்திருந்தார். இத்தனை நாள் தான் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோமா?

மறுநாளே சோதித்துப் பார்த்தார். நம்புறீங்களா என்ற இடம் வந்ததும் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று கேட்டார். முதலில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் கண்ணைத் திறந்து, "என்ன கேட்டீங்க? அசந்துட்டேன்" என்றார். அடுத்து வந்த மின்சாரக்காரர் நேர்மையானவர். "அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா நான் ம் சொன்னதெல்லாம் உங்களுக்கு இல்ல, உங்க கத்திக்கு" என்றார்.

ஆமென் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். தான் செய்தது ஊழியமா, மிரட்டலா என்று குழம்பிப்போன மனிதர் வேறு என்னதான் செய்வார்? கதையில்லாத சவரம் தெருவையே கலக்கிவிட்டது. அவருக்கு ஏதோ பெரிய வியாதி என்றார்கள். கடையை விற்கப்போகிறார் என்றார்கள். பேசாமல் கத்தியோடு நெருங்கி வரும் ஆமென் அண்ணனைப் பார்த்து மிரண்ட ஒருவர், பாதி மீசையோடு எழுந்து ஓடி, பேருந்து ஏறி, அடுத்த ஊரில் போய் மீதி மீசையை எடுத்துக்கொண்டாராம்.

அந்த வாரம்தான் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிறவர். ஒரு மாதமாகத்தான் வாராவாரம் இந்த நாற்காலிக்கு வருகிறவர். கல்யாணத்தைக் கட்டிக்கொள்ளாமல் கடையைக் கட்டிக்கொண்டவர். சிரித்தால் சரக்கில் விரிசல் விழும் என்று யாரோ பயமுறுத்தி வளர்த்தது போல ஒரு முகம். நுரை போட்டாயிற்று, வலது கன்னம் ஆயிற்று, இடது கன்னம் ஆயிற்று. பேச்சில்லை.

கண்ணாடிக்காரர் கையை உயர்த்திக் கத்தியைத் தடுத்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?"

"எதை?"

"கதையை. வாராவாரம் அந்த மூத்தவனை வாசல்லயே நிறுத்திட்டு எனக்குத் துண்டைப் போட்டு அனுப்பிடுறீங்க. இன்னிக்காவது முழுசா சொல்லுவீங்கன்னு வந்தா, ஆரம்பிக்கவே இல்ல. மூத்தவன் உள்ள போனானா இல்லையா?"

ஆமென் அண்ணன் திகைத்துப்போனார். "அதை ஏன் இவ்வளவு கோபமா கேக்குறீங்க?"

"நடிக்காதீங்க அண்ணே. எங்க அப்பாதானே உங்களைத் தூண்டிவிட்டாரு? என் வீட்டுக் கதையை என் கழுத்துலயே கத்திய வெச்சு எனக்கே சொன்னீங்களே, நான் ஒரு நாளாவது ஏன்னு கேட்டேனா?"

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆமென் அண்ணனுக்கு மட்டும் தெரியாது. பேசுகிறவருக்குக் கேட்க எங்கே நேரம்? கண்ணாடிக்காரர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அவருக்கு ஒரு தம்பி. கடையின் சரக்கு வண்டியை விற்று, பணத்தை எடுத்துக்கொண்டு சொல்லாமல் ஓடிப்போனவன். போன மாதம் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். கடைக்கு மேலேதான் வீடு. அப்பா அவனை வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுது, காற்று வருகிற முன்னறையைக் கொடுத்துவிட்டார். அது கண்ணாடிக்காரரின் அறை. அன்றைக்குக் கடைக்குள் பாயை விரித்தவர், அதன் பிறகு மாடிப்படி ஏறவே இல்லை.

"வேற ஊர்ல கடை பாத்துட்டேன். சனிக்கிழமை லாரி வருது. போயிட்டா திரும்ப மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதான் கேக்குறேன். அவன் போனானா?"

"நான்... பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் ஆமென் அண்ணன்.

"இத்தனை நாளா சொல்ற கதையைப் பாத்துட்டுத்தான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, தாடையில் பாதி நுரையோடேயே கண்ணாடிக்காரர் தெருவைக் கடந்து போனார்.

அன்றைக்கு ஆமென் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். வேதத்தை எடுத்து அந்தக் கதையைப் படித்தார். அப்பா மூத்தவனிடம் பேசுகிறார்; பேசி முடிக்கிறார்; கதை முடிந்துவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினால் வேறு கதை. பக்கம் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அத்தனை கழுத்துகளுக்குச் சொல்லியும் இதை ஒருமுறைகூடக் கவனிக்கவில்லையே! எப்போதும் அந்த இடத்தில் துண்டு குறுக்கே வந்துவிட்டது.

போதகரிடம் போனார். போதகர் சபைக் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, நின்றுபோன மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், அந்த மூத்தவன் உள்ள போனானா?"

"எழுதல பிரதர்."

"எழுதலன்னா எப்படி? ஒரு மனுஷன் லாரிக்குச் சொல்லிட்டு உக்காந்திருக்காரு. நான் என்ன சொல்லட்டும்?"

"எழுதலன்னு சொல்லுங்க." போதகர் துணியை உதறினார். தூசியெல்லாம் ஆமென் அண்ணன் தலையில் விழுந்தது. "எனக்கும் அந்த எடத்துல எப்பவும் குழப்பம்தான் பிரதர். போயிருப்பான்னு ஒரு வாரம் தோணும். போயிருக்க மாட்டான்னு ஒரு வாரம் தோணும். அது என் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது."

மனைவியிடம் கேட்டார். "போயிருக்க மாட்டான். கோவிச்சுக்கிட்டுப் போன எங்க அண்ணன் திரும்ப வீட்டுக்குள்ள போனாரா என்ன?" என்றாள் ஒரே வெட்டாக.

"போயிட்டான்னு சொல்லிடலாம்னு பாக்குறேன். ஒரு குடும்பம் பிழைக்குதே. அதுல என்ன தப்பு?"

அவள் துவைத்த துணியை உதறி மடித்தாள். "முன்னாடி கத்தியக் காட்டி ம் சொல்ல வெச்சீங்க. இப்ப பொய்யக் காட்டி மாடி ஏத்தப் போறீங்க. ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

வித்தியாசம் இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது. ஆனால் என்னவென்று சொல்ல வரவில்லை. ஜெபம் செய்து பார்த்தார். ஆண்டவரே, எழுதினதுதான் எழுதினீங்க, இன்னும் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது. பதிலாக ஒரு சத்தமும் கேட்கவில்லை, தெருவில் குடம் உருள்கிற சத்தத்தைத் தவிர.

சனிக்கிழமை காலை லாரி வந்து எதிர்க்கடை முன்னால் நின்றது. ஆமென் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். கத்தியில்லாமல், நாற்காலியில்லாமல், நின்றபடி ஒருவரிடம் பேசப் போவது அவருக்கு வேட்டியில்லாமல் போவது மாதிரி இருந்தது. லாரி டிரைவரும் கண்ணாடிக்காரரும் ஆளுயரக் கண்ணாடிகளைப் பழைய கம்பளியில் சுற்றி, நிற்க வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி ஏற்றியாயிற்று. மீதிச் சரக்கு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. கீழ்ப்படியில் கண்ணாடிக்காரரின் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பாத்துட்டீங்களா?" என்றார் கண்ணாடிக்காரர், கயிற்றை இறுக்கிக்கொண்டே.

"பாத்தேன். எழுதல."

"என்னது?"

"போனான்னும் எழுதல, போகலன்னும் எழுதல. அங்கயே நின்னுடுது கதை. பாஸ்டருக்கும் தெரியல. எனக்கும் தெரியல."

கண்ணாடிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "யோவ்! வாராவாரம் வந்து உன் நாற்காலியில உக்காந்தேனே, சவரத்துக்கா வந்தேன்? எனக்கு வீட்டுல கத்தி இல்லையா? முடிவு தெரிஞ்சுக்கத்தான்யா வந்தேன். முடிவே இல்லாத கதையை எவன்யா ஊருக்கெல்லாம் சொல்லுவான்?"

"தப்புதான். எனக்கே தெரியாம சொல்லிட்டேன்." ஆமென் அண்ணனுக்கு வியர்த்தது. தப்பித்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் படித்ததை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "இன்னொன்னும் எழுதல. அவங்கப்பா வெளிய வந்தாருன்னு இருக்கு. திரும்ப உள்ள போனாருன்னு இல்ல."

"அப்படின்னா?"

"அப்படின்னா எனக்கு என்ன தெரியும்? மூத்தவன் நிக்கிற வரைக்கும் அவரும் அங்கயேதான் நிக்கிறாருபோல. விருந்து உள்ள நடக்குது. அவர் வெளிய இருக்காரு."

கண்ணாடிக்காரர் கயிற்றை விட்டார். ஆமென் அண்ணனையே முறைத்துக்கொண்டிருந்த கண்கள் மெல்ல மாடிப்படிப் பக்கம் போயின.

"எப்ப வந்து உக்காந்தீங்கப்பா?"

"காலையில" என்றார் பெரியவர்.

"முட்டி வலியை வெச்சுக்கிட்டு எதுக்கு இறங்கினீங்க? டீ குடிச்சீங்களா?"

"நீ மேல வந்து போட்டுக் குடு, குடிக்கிறேன்."

"அவன் போட மாட்டானா, உங்க சின்ன மகன்?"

"அவன் போடுறது டீயாடா? அவன் ஓடிப்போனதைக்கூட மன்னிச்சுட்டேன். அந்த டீயை மன்னிக்க முடியல."

லாரி டிரைவர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தூசியைத் தட்டினார். பிறகு குனிந்து, அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "உங்களை விட்டுட்டு வந்துடுவேன். அவ்வளவுதான்" என்றார், யாருக்கோ சொல்வது போல. ஒவ்வொரு படியாக இருவரும் ஏறினார்கள். மேலே கதவு திறந்தது. கதவு மூடியது.

கீழே ஆமென் அண்ணனும் டிரைவரும் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மீதியை ஏத்துறதா, வேணாமா?" என்றார் டிரைவர்.

"தெரியலையே."

"அது என்ன கதை?"

ஆமென் அண்ணன் சொன்னார். சவரம் இல்லாததால் எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று பிடிபடாமல் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். டிரைவர் நடுநடுவே புகுந்து கேள்வி கேட்டார். மூத்தவன் பக்கம்தான் நியாயம் என்று அடித்துச் சொன்னார். அப்பா செய்தது அநியாயம், நான் அந்த வீட்டில் பிறந்திருந்தால் கூரையைப் பிரித்திருப்பேன் என்றார். அப்படியெல்லாம் ஒருவர் மறுத்துப் பேசி ஆமென் அண்ணன் கேட்டதே இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்க சொல்றதும் சரிதான்" என்றார். சொன்ன பிறகு, அது சரியா என்றும் குழம்பினார்.

அப்போது மாடியில் ஒரு பாத்திரம் விழுந்தது. தொடர்ந்து கண்ணாடிக்காரரின் குரல் எழும்பியது: "வண்டியை எவனைக் கேட்டுடா வித்த?" அதற்கு மேலாக இன்னொரு குரல், உடைந்த குரல், ஏதோ சொல்லி அழுதது. பிறகு இரண்டு குரலும் ஒரே நேரத்தில் கத்தின. யார் எதைச் சொல்கிறார்கள் என்றே பிரிக்க முடியவில்லை. ஆமென் அண்ணன் படிவரை போனார், திரும்பினார். சமாதானத்தைச் சொல்லப் போய்ச் சண்டையை மூட்டிவிட்டோமா? மேலே ஓடி விலக்கிவிடலாமா? இல்லை, கடைக்கே திரும்பிப் போய்விடலாமா?

ஜன்னல் திறந்தது. பெரியவர் எட்டிப் பார்த்தார். கண்ணெல்லாம் நனைந்திருந்தது, வாய் காதுவரை விரிந்திருந்தது.

"லாரிக்காரத் தம்பி! எல்லாத்தையும் இறக்கி வெச்சுடுப்பா! பசங்க சண்டை போட ஆரம்பிச்சுட்டானுங்க. இருக்கிற பாக்கிக்கு இது ஒரு நாள்ல முடியாது, ஒரு வருஷத்துலயும் முடியாது!"

ஜன்னல் மூடிக்கொண்டது. டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். ஒரு கண்ணாடியின் இந்தப் பக்கத்தை அவர் பிடிக்க, அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை. ஆமென் அண்ணன்தான் பிடித்தார். பின்னால் பார்க்காமல் பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தது. மேலே சத்தம் குறைவதாகக் காணோம்.

"அண்ணே" என்றார் டிரைவரிடம், மூச்சு வாங்க. "இப்ப அவர் உள்ள போயிட்டாருன்னு அர்த்தமா? இது நல்லதுக்குத்தானா?"

"அதெல்லாம் அப்புறம் யோசிக்கலாம்" என்றார் டிரைவர். "படி இருக்கு, காலைப் பாத்து வைங்க."